ஐப்பசியில் ஒட்டும் கதவு

ஐப்பசி அடைமழை பிடித்ததும் காவிரி டெல்டா வீடுகளில் கதவுகள் முரண்டு பிடிக்கத் தொடங்கும். சித்திரையில் விரலால் தள்ளினாலே திறந்த கதவு இப்போது தோள் கொடுத்தால்தான் நகரும். ஆசாரியைக் கூப்பிட்டு விளிம்பை இழைத்துவிடச் சொல்வார்கள். மழை ஓய்ந்து பங்குனி வெயில் ஏறியதும் இழைத்த பக்கத்தில் சந்து விழும். தாழ்ப்பாள் நாதாங்கியில் சரியாக விழாது. அடுத்த ஐப்பசியில் அதே கதவு மறுபடியும் ஒட்டும்.

ஒட்டுகிற கதவுக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். மரம் ஊதியிருக்கும், அல்லது கீல் தளர்ந்து கதவு இறங்கியிருக்கும், அல்லது நிலையே சாய்ந்திருக்கும். இழைப்புளி முதல் காரணத்துக்கு மட்டுமே மருந்து, அதுவும் அரைகுறை மருந்து. மற்ற இரண்டையும் கீல் இருக்கும் பக்கத்தில்தான் தேட வேண்டும். ஈரம் மிகுந்த இந்த மண்ணில் கீலை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பொருத்துவது என்பதற்குத் தெளிவான இயற்பியல் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டு செய்த கதவு ஒரு தலைமுறைக்குத் தொந்தரவு தராது.

கீலுக்கு முன்னால் குடுமி

டெல்டாவின் பழைய ஓட்டு வீடுகளில் இன்னும் நிற்கும் இரட்டைக் கதவுகளைக் கவனித்தால், பலவற்றில் கீலே இருக்காது. கதவின் ஓரச்சட்டம் மேலும் கீழும் சற்று நீண்டு, உருளையாகச் செதுக்கப்பட்டிருக்கும். அதுதான் குடுமி. கீழ்க்குடுமி வாசற்படியில் குடைந்த குழியில் நிற்கும். மேற்குடுமி நிலையின் மேற்சட்டத்துத் துளையில் செருகியிருக்கும். கற்கோயில் வாயில்களிலும் இதே ஏற்பாடுதான். அங்கே குழி கல்லில் இருக்கும். பெரிய கதவுகளில் குடுமி முனை தேயாமலிருக்க இரும்புப் பூண் மாட்டுவார்கள்.

இந்த முறை மிகப் பழையது. ஹரப்பா நாகரிக அகழாய்வுகளில் கதவுக் குழிக்கற்கள் கிடைத்திருக்கின்றன. மெசபொத்தேமியாவில் லகாஷ் நகரை ஆண்ட குடியா, கதவுக் குழிக்கற்களில் தன் பெயரைப் பொறித்து வைத்தான். அசீரிய மன்னன் மூன்றாம் ஷல்மனேசரின் பலாவத் கதவுகள் கி.மு. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1878-இல் அவற்றைத் தோண்டி எடுத்தபோது மரம் மட்கிப்போயிருந்தது. மரத்தின்மேல் அடித்திருந்த வெண்கலப் பட்டைகள் பிழைத்திருந்தன. இன்று அவற்றில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

குடுமியின் பலம் எளிமையானது. கதவின் எடை முழுவதும் நேராகக் கீழே இறங்கி, படிக்கல் வழியாகத் தரைக்குப் போய்விடுகிறது. மேற்குடுமி கதவு சாயாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். உராய்வு நடக்கும் இடமும் சுழல் அச்சுக்கு மிக அருகில் இருக்கிறது. 200 கிலோ எடையும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட ஒரு கதவு, 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள குடுமியில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், கதவின் வெளி விளிம்பில் ஒரு கிலோவுக்குச் சற்று மேலான விசையே அதைத் திறக்கப் போதும். பெரிய கோயில் கதவை ஒருவரே தள்ளித் திறக்க முடிவது இதனால்தான்.

பலவீனமும் அதே குழியில் இருக்கிறது. வாசல் கழுவும் தண்ணீரும் மழைச்சாரலும் கீழ்க்குழியில் தேங்கும். அதில் நிற்கும் குடுமி மெல்ல மட்கும், தேயும். தேய்ந்த அளவுக்குக் கதவு இறங்கும். சரிசெய்ய வேண்டுமானால் நிலையைப் பிரிக்க வேண்டிவரும். ஸ்க்ரூவைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் கீல் பரவியதற்கு இந்த வசதி ஒரு முக்கியமான காரணம். ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. குடுமிக் கதவு படியில் நிற்கிறது. கீல் கதவோ நிலையில் தொங்குகிறது.

தொங்கும் கதவின் கணக்கு

ஏழடி உயரம், மூன்றடி அகலம், 35 மில்லிமீட்டர் கனம் உள்ள தேக்குக் கதவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த தேக்கின் எடை ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ. அப்படியானால் கதவின் எடை சுமார் 43 கிலோ. இந்த எடையின் மையம் கீல் வரிசையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கதவின் நடுவில் இருக்கிறது. ஆகவே கதவு கீழே இறங்கப் பார்ப்பதோடு நில்லாமல், தாழ்ப்பாள் பக்கமாகக் கவிழவும் பார்க்கிறது. அந்தக் கவிழ்ப்பை மேல் கீலும் கீழ் கீலும் சேர்ந்து தடுக்கின்றன. மேல் கீலை நிலையிலிருந்து பிய்த்தெடுக்கும் இழுப்பும், கீழ் கீலை நிலைக்குள் தள்ளும் அழுத்தமும் ஓயாமல் நடக்கின்றன.

இந்த இழுப்பின் அளவைக் காண ஒரு வகுத்தல் போதும். எடையைக் கதவின் பாதி அகலத்தால் பெருக்கி, இரண்டு கீல்களுக்கும் இடையிலுள்ள உயரத்தால் வகுக்க வேண்டும். கீல்கள் 1.7 மீட்டர் இடைவெளியில் இருந்தால் மேல் கீலுக்கு வரும் இழுப்பு சுமார் 11 கிலோ. இடைவெளியைப் பாதியாகக் குறைத்தால் இழுப்பு 23 கிலோவை நெருங்கும். கீல்களை இயன்ற அளவு ஓரங்களுக்கு ஒதுக்கி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். மேலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர், கீழிருந்து 20 முதல் 25 சென்டிமீட்டர் என்பது நல்ல அளவு. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு 20 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளை தொங்கினால் மேல் கீலில் இன்னும் 10 கிலோ இழுப்பு கூடுகிறது. அதாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

கதவு மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும், மேல் கீலில் கதவுப் பக்கத்து ஸ்க்ரூக்களை இந்த இழுப்பு பிடுங்கிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலான கதவுகளில் முதலில் தளர்வது மேல் கீல்தான் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

மூன்றாவது கீலை எங்கே வைப்பது என்பதில் தச்சர்களிடையே இரண்டு வழக்கங்கள் உண்டு. நடுவில் வைத்தால் ஈரத்தில் கதவு வில்லாக வளைவதை அது தடுக்கும். மேல் கீலுக்கு ஓரடி கீழே வைத்தால் இழுப்பில் பங்கெடுத்துக்கொள்ளும். எடை குறைந்த அறைக் கதவுக்கு நடுவே சரி. கனமான தேக்கு வாசல் கதவுக்கு நான்கு கீல்கள் போட்டு, அவற்றில் இரண்டை மேற்பகுதியில் வைப்பது நல்லது.

டெல்டாவுக்குப் புயலின் கணக்கும் வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்தது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 68 கிலோ அழுத்தத்தை ஏற்றும். நம் கதவின் பரப்பு 1.9 சதுர மீட்டர். அதன்மேல் விழும் மொத்த விசை சுமார் 130 கிலோ. கதவு வெளியே திறப்பதாக இருந்தால் வெளிக்காற்று அதை நிலையோடு சேர்த்து அழுத்தும், விசையை நிலையே வாங்கிக்கொள்ளும். உள்ளே திறக்கும் கதவில் அந்த விசை முழுவதும் கீல்களுக்கும் தாழ்ப்பாளுக்கும்தான். நம் வீட்டு வாசல் கதவுகளில் பெரும்பாலானவை உள்ளே திறப்பவை. ஆகவே கடலோர ஊர்களில் நீளமான ஸ்க்ரூவும், மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள்களும் கட்டாயம் வேண்டும்.

மரம் குடிக்கும் ஈரம்

மரம் அறுபட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. காற்றின் ஈரப்பதம் நீண்ட நாள் 60 விழுக்காட்டில் நின்றால், மரத்தில் அதன் உலர் எடையில் ஏறத்தாழ 11 விழுக்காடு நீர் இருக்கும். ஈரப்பதம் 85 விழுக்காட்டில் நீடித்தால் அது 17, 18 விழுக்காடு வரை ஏறும். பெயின்ட் அடித்த கதவில் இந்த மாற்றம் மெதுவாகவும் குறைவாகவும் நடக்கும். ஆனால் முற்றிலும் நிற்காது.

நீர் ஏறும்போது மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் ஊதுவதில்லை. மரம் என்பது கட்டிய வைக்கோல் கற்றை போன்றது. நார்க்குழாய்கள் நனைந்து பருக்கின்றன, நீளுவதில்லை. ஆகவே கதவின் உயரம் மாறுவது மிகச் சொற்பம், அகலம்தான் மாறும். அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், வளையத்துக்குக் குறுக்கான திசையைப் போல இரண்டு மடங்கு மாற்றம் இருக்கும். பச்சை மரம் முழுக்க உலரும்போது தேக்கு வளையத்தை ஒட்டி சுமார் 5.8 விழுக்காடும், குறுக்கே சுமார் 2.5 விழுக்காடும் சுருங்குகிறது. மரங்களுக்குள் இது குறைந்த அளவு. கதவுக்குத் தேக்கு என்று நம் முன்னோர் தேடிப் போனதற்கு அதன் எண்ணெய்ப்பசையும் கரையான் எதிர்ப்பும் எவ்வளவு காரணமோ, இந்த அடக்கமும் அவ்வளவு காரணம்.

கோடையிலிருந்து மழைக்காலத்துக்குள் கதவின் நீர் அளவு 4 விழுக்காடு கூடியதாகக் கொள்வோம். மூன்றடி அகலம் முழுவதும் பலகைகளை நெருக்கி ஒட்டிச் செய்த தேக்குக் கதவு, வளையத்தை ஒட்டி அறுத்த பலகையாக இருந்தால், 7 மில்லிமீட்டருக்கு மேல் அகலும். சட்டமும் பலகையுமாகச் செய்த பேனல் கதவில் கதை வேறு. அதில் குறுக்குச் சட்டங்களின் நார் கிடைமட்டமாக ஓடுவதால் அவை அகலத்தை மாற்றுவதில்லை. நடுப்பலகைகள் சட்டத்துக் காடிக்குள் பசையில்லாமல் மிதப்பதால், ஊதினாலும் காடிக்குள்ளேயே இடம் தேடிக்கொள்கின்றன. வெளி அகலத்தை மாற்றுவது இரண்டு நெடுஞ்சட்டங்கள் மட்டுமே. அவை சேர்ந்து 20 சென்டிமீட்டர் என்றால் மாற்றம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. நம் ஊர்ப் பழைய பேனல் கதவு அழகுக்காக மட்டும் பிறந்ததல்ல. பருவமழைக்கு விடை சொல்லும் பொறியியல் அதில் இருக்கிறது.

எந்தக் கதவானாலும் ஆறு பக்கமும் பெயின்ட் அல்லது வார்னிஷ் ஏற வேண்டும். மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் கண்ணுக்குத் தெரியாதென்று விட்டுவிடுவதுதான் இங்கே பரவலாக நடக்கும் தவறு. நார்க்குழாய்களின் வாய் திறந்திருக்கும் வெட்டுமுகம், பக்கவாட்டை விடப் பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். வாசல் கழுவும் தண்ணீர் தினமும் தொடுவது அடி விளிம்பைத்தான். கதவை மாட்டிய பிறகு அந்த விளிம்பைப் பூச வழியில்லை. ஆகவே மாட்டுவதற்கு முன்பே பூசிவிட வேண்டும்.

உப்புக் காற்றும் உலோகமும்

தேவார மரபில் புகழ்பெற்ற ஒரு கதவு திருமறைக்காட்டில், அதாவது வேதாரண்யத்தில் இருக்கிறது. அடைபட்டுக் கிடந்த கோயில் கதவை அப்பர் பாடித் திறக்க, சம்பந்தர் பாடி அடைத்தார் என்பது மரபு. 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்புச் சத்தியாகிரகம் செய்த ஊரும் அதுவே. உப்பளங்கள் சூழ்ந்த அந்த ஊரிலும், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, அதிராம்பட்டினம் கரையிலும் வீசும் காற்று உப்பைச் சுமந்து வருகிறது. படிந்த உப்பு காற்றின் ஈரத்தைத் தன்பால் இழுத்து, உலோகத்தின்மேல் மெல்லிய உப்புநீர்ப் படலத்தை உண்டாக்குகிறது. இரும்பை அரிக்க அதைவிட வேறு வேண்டியதில்லை. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைக்கும். அதனால் நடுக்கம்பியைச் சுற்றியுள்ள கீலின் கணுக்களுக்குள் துரு ஏறியதும் அந்தக் கம்பி இறுகி, கதவு கிறீச்சிடும். அப்போதும் விசை போட்டுத் திறந்தால், அந்த விசை ஸ்க்ரூக்களைப் பிடுங்கும்.

கடைக்குப் போனால் மூன்று வகைக் கீல்கள் கிடைக்கும். முதலாவது, முலாம் பூசிய இரும்புக் கீல். விலை குறைவு. தஞ்சாவூர், மன்னார்குடி போன்ற உள்நாட்டு ஊர்களில் மழை படாத அறைக் கதவுகளுக்குப் போதும். கணுக்களில் முலாம் தேய்ந்ததும் துரு தொடங்கிவிடும் என்பதால் வாசலுக்கும் குளியலறைக்கும் அதை வாங்க வேண்டாம்.

இரண்டாவது, பித்தளை. செம்பும் துத்தநாகமும் கலந்த இதற்குத் துரு கிடையாது. ஆனால் மென்மையானது, கனமான கதவில் கணுக்கள் தேயும். பித்தளைக் கீலுக்கு இரும்பு ஸ்க்ரூ போடவே கூடாது. இரண்டு உலோகங்களும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு மின்கலமாகி, இரும்பு வேகமாக அரிபடும். கீல் பளபளவென்று இருக்க, உள்ளே ஸ்க்ரூ தண்டு கரைந்துபோயிருக்கும்.

மூன்றாவது, துருப்பிடிக்காத எஃகு, கடைவழக்கில் எஸ்.எஸ். இதில் 304 என்னும் ரகத்தில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி, கீறல் விழுந்தாலும் அதைத் தானே மூடிக்கொள்கிறது. கடலோரத்தில் உப்பின் குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கும். அதைத் தாங்க 2 விழுக்காடு அளவில் மாலிப்டினம் சேர்த்த ரகம் 316. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 202 ரகமும் பளபளப்பாகவே இருக்கும், விலையும் குறைவு. ஆனால் துருவை எதிர்க்கும் திறன் 304-ஐ விடக் குறைவு. கையில் ஒரு காந்தம் கொண்டுபோனால் இரும்பை எஸ்.எஸ். என்று நம்பி வாங்குவதைத் தவிர்க்கலாம், வலுவாக ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பாக இருக்கும். 202-ஐயும் 304-ஐயும் காந்தத்தால் பிரிக்க முடியாது. ரகம் பொறித்த கீலைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குவதே வழி. இரும்புக் கீலுக்கு ஐ.எஸ். 1341, எஸ்.எஸ். கீலுக்கு ஐ.எஸ். 12817 என்று இந்தியத் தர நிர்ணயங்கள் இருக்கின்றன.

என் பரிந்துரை இது. வாசல் கதவுக்கு 5 அங்குலம், அறைக் கதவுக்கு 4 அங்குலம், தகட்டின் கனம் 2.5 முதல் 3 மில்லிமீட்டர். உள்நாட்டில் 304, கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் 316. ஸ்க்ரூவும் அதே உலோகமாக இருக்கட்டும். கதவு சுவரோடு சுவராகத் திறந்து கிடக்க வேண்டிய இடத்தில், தடித்த நிலையைத் தாண்டிச் சுழலும் பார்லிமென்ட் கீல் பொருத்தம். அதன் கணு நிலையிலிருந்து வெளியே தள்ளி நிற்பதால் இழுப்பு கூடும் என்பதை நினைவில் வைத்து, ஒரு கீல் அதிகமாகப் போட வேண்டும்.

பொருத்தும் முறை

வீடு கட்டும்போது நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து நிலை வைக்கிறோம். அந்த நேரத்திலேயே தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் இரண்டு திசைகளிலும் பிடித்துப் பார்த்துவிட வேண்டும். ஏழடி நிலை அரை சென்டிமீட்டர் சாய்ந்தாலே, 43 கிலோ கதவின் விளிம்பில் 50 கிராம் அளவுக்கு ஒரு விசை பிறக்கும். நன்றாக எண்ணெய் விட்ட கீலில் அந்த விசையே கதவைத் தானாகத் திறக்கவோ மூடவோ செய்துவிடும். டெல்டாவின் களிமண் நீர் குடித்தால் ஊதி, காய்ந்தால் வெடிப்பது. அடித்தளம் ஆழமில்லாத வீடுகளில் நிலையும் அதோடு சற்று அசையும்.

தகடு உட்காரும் வெட்டின் ஆழம் தகட்டின் கனத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். ஆழம் கூடினால் கதவு மூடும்போது கீல் பக்கத்து மரத்தோடு மரம் மோதி, விட்டவுடன் கதவு எதிர்த்து வரும். ஆழம் குறைந்தால் கீல் பக்கத்தில் சந்தும் தாழ்ப்பாள் பக்கத்தில் ஒட்டலும் வரும். கூரான உளியால் வெட்டி, அடிப்பக்கம் சமமாக இருக்கிறதா என்று தகட்டை வைத்துப் பார்ப்பது அவசியம்.

மேல் கீலையும் கீழ் கீலையும் முதலில் கதவில் பூட்டி, கதவை நிலைக்குள் ஆப்பு வைத்து நிறுத்தி, ஒவ்வொரு கீலுக்கும் ஒரே ஒரு ஸ்க்ரூ போட்டு ஆட்டிப் பார்க்க வேண்டும். தடையின்றிச் சுழன்றால் மற்ற ஸ்க்ரூக்கள். இரண்டு புள்ளிகள் சுழல் அச்சை முடிவு செய்துவிடுகின்றன. மூன்றாவது கீலின் கணு அந்தக் கோட்டுக்கு வந்து சேர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் மூன்று கீல்களும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும், ஒவ்வொரு திறப்பிலும் ஸ்க்ரூ தளரும்.

ஸ்க்ரூவைச் சுத்தியலால் முக்கால்வாசி அடித்து இறக்கி, கடைசிச் சுற்றுகளை மட்டும் திருப்புளியால் முறுக்குவது அவசரத்தில் பலர் செய்வது. ஸ்க்ரூவின் பிடி அதன் மரை, மரத்தில் வெட்டிக்கொள்ளும் பள்ளத்தில்தான் இருக்கிறது. சுத்தியல் அந்தப் பள்ளம் விழ வேண்டிய நாரையே கிழித்துவிடுகிறது. ஸ்க்ரூவின் நடுத்தண்டு அளவுக்குத் துளை போட்டு, மரையில் கொஞ்சம் மெழுகு தடவி, முழுக்க முறுக்கித்தான் இறக்க வேண்டும். பித்தளை ஸ்க்ரூவாக இருந்தால் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் ஏற்றி இறக்கி மரைப் பள்ளம் விழவைத்தால், பித்தளைத் தலை முறியாது.

தாழ்ப்பாள் பக்கத்துச் சந்து மாதத்தைப் பொறுத்தது. கோடையில் பேனல் கதவு மாட்டினால் 4 மில்லிமீட்டர் விடலாம், மழைக்காலத்தில் மாட்டினால் 2 போதும். சித்திரையில் இடுக்கமாக மாட்டிய கதவு ஐப்பசியில் ஒட்டியே தீரும்.

கதவின் நாடி

ஒட்டும் கதவை இழைப்பதற்கு முன் எங்கே உரசுகிறது என்று பாருங்கள். தாழ்ப்பாள் பக்கத்து மேல் மூலையோ, அதே பக்கத்து அடியோ மட்டும் உரசினால் மேல் கீல் தளர்ந்திருக்கிறது. கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கினால் கீல் அசைவது தெரியும். பழைய துளையைத் தேக்குக் கட்டையால் பசையிட்டு அடைத்து, புதிதாகத் துளையிட்டு, நீளமான ஸ்க்ரூ போட்டால் கதவு எழுந்துவிடும். மூடியதும் எதிர்த்து வந்தால் கீல் வெட்டின் ஆழம் கூடுதல். தகட்டின் அடியில் மெல்லிய அட்டையோ தகடோ வைத்து உயர்த்த வேண்டும். தானாகச் சுழன்றால் நிலை சாய்ந்திருக்கிறது. தாழ்ப்பாள் பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக, மழை மாதங்களில் மட்டும் உரசினால்தான் மரம் ஊதியிருக்கிறது. அப்போதும் மழைக்குள் இழைக்காமல் தை மாதம்வரை பொறுத்து, உலர்ந்த பிறகு சந்தை அளந்து, தேவையான அளவு மட்டும் இழைத்து, இழைத்த இடத்தில் உடனே பெயின்ட் அடித்துவிட வேண்டும். பூசாமல் விட்ட விளிம்பு அடுத்த மழையில் முன்னிலும் அதிகமாகக் குடிக்கும்.

வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தேக்குக்கும் வேலைப்பாட்டுக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு, கடைசி நாளில் கைக்குக் கிடைத்த கீலை வாங்கி மாட்டாதீர்கள். கதவுச் செலவில் கீலின் பங்கு மிகச் சிறியது. கதவின் ஆயுளை முடிவு செய்வதில் அதன் பங்கு மிகப் பெரியது. நல்ல உலோகம், ஒரே கோட்டில் நிற்கும் கணுக்கள், துளையிட்டு முறுக்கிய ஸ்க்ரூ, ஆறு பக்கமும் பூசிய மரம் ஆகிய நான்கையும் கேட்டு வாங்குங்கள். ஆசாரிக்கு அதற்குரிய நேரத்தையும் கூலியையும் கொடுங்கள்.